தசைக்குள் ஒரு சுவிட்ச், ஒரு கத்தரிக்கோல்

முற்றிய ஆட்டுக்கறி லேசில் வேகாது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் நார் நாராக இழுக்கும். அதற்குப் பல வீடுகளில் ஒரு கைப்பக்குவம் உண்டு: பப்பாளிக்காயைத் தோலோடு அரைத்து, கறியில் பிசறி, கொஞ்ச நேரம் ஊறவைப்பது. கூடுதலாக ஊறிவிட்டால் கறி கூழாகிவிடும் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும். காயின் பாலில் இருக்கும் பப்பைன் என்ற நொதி, கறியிலுள்ள புரத இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம். இப்படிப் புரதத்தை வெட்டும் நொதிகளுக்குப் பொதுப்பெயர் புரோட்டியேஸ்.

பப்பைனின் தூரத்துச் சொந்தங்கள் நம் தசைகளுக்குள்ளும் இருக்கின்றன. கால்சியம் வந்தால்தான் அவை வெட்டும். அதனால் கால்சியத்தின் தலையையும் பப்பைனின் வாலையும் சேர்த்து ‘கால்பைன்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மேல்நாடுகளில் மாட்டிறைச்சியைக் குளிரறையில் நாள்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்துவார்கள். அங்கே யாரும் பப்பாளி தடவுவதில்லை. அந்த மாட்டின் சொந்தக் கால்பைன்தான் பெரும்பாலும் கறியை மெதுவாக்குகிறது.

செத்த தசையில் இது சரி. உயிரோடு இருக்கும் தசைக்குள் எதற்காக இப்படி ஒரு கத்தரிக்கோல்? இதற்குப் பதில் சொல்லப் போனால் ‘கைனேஸ்’ என்ற இன்னொரு நொதிக் கூட்டத்தையும் இழுக்க வேண்டியிருக்கிறது. இரண்டின் கதையும் தொடக்கத்திலிருந்தே பின்னிக் கிடக்கிறது.

முதலில் கைனேஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு நீளச் சரம். அது மடிந்து சுருண்டு ஒரு வடிவத்துக்கு வந்தால்தான் வேலை செய்யும். செல்லில் ஏடிபி என்ற மூலக்கூறு இருக்கிறது. செல்லின் சில்லறைக் காசு மாதிரி, எல்லா வேலைக்கும் அதைத்தான் செலவழிப்பார்கள். புரத கைனேஸ் இந்த ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தின் மேல் ஒட்டும். எங்கே வேண்டுமானாலும் ஒட்டாது. பெரும்பாலும் செரின், திரியோனின், டைரோசின் என்ற மூன்று அமினோ அமிலங்களில்தான். பாஸ்பேட்டுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. அது வந்து உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்து மின்னேற்றங்கள் விலகி நெருங்கி, புரதத்தின் வடிவம் கொஞ்சம் மாறும். தூங்கிக்கொண்டிருந்த புரதம் விழிக்கலாம், விழித்திருந்தது தூங்கலாம். ஒட்டிய பாஸ்பேட்டைக் கழற்றுவதற்கு பாஸ்பட்டேஸ் என்ற இன்னொரு நொதி உண்டு.

ஆக, கைனேஸ் போடுவது சுவிட்ச். போட்டதை அணைக்கலாம், அணைத்ததைத் திரும்பப் போடலாம். புரோட்டியேஸ் அப்படியல்ல. வெட்டினது வெட்டினதுதான், ஒட்டவைக்க ஆள் கிடையாது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் சுலபம். மனித மரபணுத் தொகுதியைச் சலித்து 2002-இல் வெளியிட்ட பட்டியலில் புரத கைனேஸ்கள் 518 இருந்தன. புரோட்டியேஸ்களும் 500-க்கு மேல் தேறும்.

இடையில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். தசைவலி என்று போனால் மருத்துவர்கள் எழுதித் தரும் ‘சிபிகே’ பரிசோதனையில் வருவதும் ஒரு கைனேஸ்தான்: கிரியேட்டின் கைனேஸ். ஆனால் அது பாஸ்பேட்டை ஒட்டுவது புரதத்தின் மேல் அல்ல, கிரியேட்டின் என்ற சின்ன மூலக்கூறின் மேல். தசை சேதமானால் அது ரத்தத்தில் கசியும், அதனால் அளக்கிறார்கள். நாம் பேசும் புரத கைனேஸ் வேறு வகை.

வடிதாளில் ஒட்டியிருந்த ரகசியம்

புரத கைனேஸ் சுவிட்ச் முதன்முதலில் புலப்பட்டது தசையில்தான். அமெரிக்காவின் சியாட்டில் நகரில், 1950-களின் நடுவில், எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் என்ற இருவர் முயல் தசையை அரைத்து பாஸ்பாரிலேஸ் என்ற நொதியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தசை சேமித்து வைத்திருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தை உடைத்து எரிபொருளாக்குவது இந்த நொதி. அது ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வடிவங்களில் இருக்கும். ‘ஏ’ சுறுசுறுப்பானது, ‘பி’ மந்தமானது.

செயின்ட் லூயிஸில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதி இதே முயல் தசையிலிருந்து ‘ஏ’ வடிவத்தை எடுத்துக் காட்டியிருந்தார்கள். கிரெப்ஸ் அவர்களிடம் பயின்றவர். ஆனால் சியாட்டிலில் திரும்பத் திரும்ப ‘பி’ மட்டுமே கிடைத்தது. எங்கே பிசகு? கோரி தம்பதி தசைச்சாற்றை வடிதாளில் வடிகட்டினார்கள். இவர்கள் அதற்குப் பதிலாக மையவிலக்கியில் சுழற்றித் தெளியவைத்தார்கள். பழையபடி வடிதாளில் ஊற்றிப் பார்த்தால் ‘ஏ’ வந்துவிட்டது! கடைசியில் தெரிந்தது, தாளில் இயல்பாகவே ஒட்டியிருந்த துளியூண்டு கால்சியம்தான் காரணம். அந்தக் கால்சியம், சாற்றுக்குள் இருந்த ஒரு கைனேஸைத் தட்டி எழுப்பியது. அது ஏடிபியிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ‘பி’யின் மேல் ஒட்டி அதை ‘ஏ’ ஆக்கியது. ஒரு புரதத்தைப் பாஸ்பேட் ஒட்டியும் கழற்றியும் முடுக்கலாம், அடக்கலாம் என்ற கருத்து இங்கிருந்துதான் பிறந்தது. இதற்காக இருவருக்கும் 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. சரியான வடிதாள்!

கால்சியம் ஏன் இவ்வளவு முக்கியம்? தசை சுருங்குவதே கால்சியத்தால்தான். சும்மா இருக்கும் செல்லுக்குள் அது மிக மிகக் குறைவு. வெளியே ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். தசைச்செல் உள்ளேயே தனிப் பைகளிலும் அதைப் பூட்டிவைத்திருக்கும். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறீர்கள் என்றால், நரம்பின் உத்தரவு வந்ததும் அந்தப் பைகள் திறந்து கால்சியம் கொட்டுகிறது. இழைகள் சுருங்குகின்றன. அதே கால்சியம் பாஸ்பாரிலேஸ் கைனேஸையும் எழுப்பி, எரிபொருளை இறக்கச் சொல்கிறது. ஓடு என்ற கட்டளையும் அடுப்பை மூட்டு என்ற கட்டளையும் ஒரே தூதுவன் வாயால் வருகின்றன. இந்த ஏற்பாட்டை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு வேலை ஓடவில்லை.

அப்புறம் வந்தது இன்னொரு திருப்பம். 1964-இல் அதே சியாட்டில் குழு, இந்தக் கைனேஸைக் கால்சியம் முடுக்கும் விதத்தை நோண்டிக்கொண்டிருந்தது. ஒரு வகை முடுக்கம் மட்டும் அடங்கவே மாட்டேன் என்றது. போட்ட சுவிட்ச் அணையவில்லை! அதற்குக் கால்சியம் மட்டும் போதவில்லை. தசைச்சாற்றில் இருந்த வேறு ஏதோ ஒன்றும் தேவைப்பட்டது. அதற்குத் தற்காலிகமாக ‘கைனேஸ் முடுக்கும் காரணி’ என்று பெயர் வைத்தார்கள். அது ஒரு புரோட்டியேஸ் என்று 1968-இல் தெரிந்தது. கைனேஸின் ஒரு பகுதியை அது வெட்டிவிட்டதால்தான் கைனேஸால் திரும்ப அடங்க முடியவில்லை. நாம் இன்று கால்பைன் என்று அழைப்பது அதைத்தான். அதே 1964-இல் எலி மூளையிலும் இந்த நொதியை வேறொருவர் கண்டிருந்தார். ஆனால் தசையைப் பொறுத்தவரை, கைனேஸைத் தேடப் போன இடத்தில் அகப்பட்டது இந்தப் புரோட்டியேஸ்.

எதிர்த்திசையிலும் இது நடந்தது. ஜப்பானின் கோபே நகரில் யசுடோமி நிஷிசுகாவின் குழு 1977-இல் எலி மூளையில் ஒரு சோம்பேறிப் புரதத்தைக் கண்டது. கால்சியத்தால் இயங்கும் புரோட்டியேஸ் ஒன்று அதை நறுக்கியதும் அது சுறுசுறுப்பான கைனேஸாக மாறியது. வெட்டாமலேயே, கால்சியமும் சவ்வுக் கொழுப்பும் சேர்ந்து அதை எழுப்ப முடியும் என்பது அதற்குப் பிறகு தெரிந்தது. இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் ‘புரத கைனேஸ் சி’ அதுதான்.

மாவுக்கட்டு பிரித்த கை

சுவிட்சும் கத்தரிக்கோலும் தினசரி வாழ்க்கையில் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. கை முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டுப் போட்டவர்களைக் கேளுங்கள். கட்டைப் பிரித்ததும் அந்தக் கை மட்டும் குச்சியாக இருக்கும். தசை எங்கே போயிற்று?

உழைக்கும் தசையில், இன்சுலினும் அதன் உறவு ஹார்மோனான ஐஜிஎஃப்-1-உம் ‘ஏகேடி’ என்ற கைனேஸை எழுப்பி வைத்திருக்கும். ஏகேடி என்ன செய்கிறது? ஃபாக்ஸ்ஓ என்ற புரதத்தின் மேல் பாஸ்பேட் ஒட்டி, அதைச் செல்லின் உட்கருவுக்குள் நுழையவிடாமல் வாசலிலேயே நிறுத்துகிறது. தசை சும்மா கிடந்தால் ஏகேடி தளர்கிறது, பாஸ்பேட் போய்விடுகிறது, ஃபாக்ஸ்ஓ உள்ளே போய் சில மரபணுக்களை எழுப்பிவிடுகிறது. அவற்றில் முக்கியமானவை அட்ரோஜின்-1, மர்ஃப்-1 என்ற இரண்டு. 2001-இல் கண்டுபிடித்தார்கள். இவை நேரடியாக வெட்டுவதில்லை. எந்தப் புரதத்தை அழிக்க வேண்டுமோ அதன் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டிக் குறிவைக்கின்றன, மரம் வெட்டுமுன் சுண்ணாம்பு அடித்து வைப்பது போல. குறிவைத்ததைப் புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ இயந்திரம் விழுங்கி வெட்டுகிறது. இறுக்கிப் பின்னிய தசை இழையை அப்படியே அதால் விழுங்க முடியாது. முதலில் யாராவது இழையைத் தளர்த்தித் தர வேண்டும். அந்த முதல் வெட்டுக்குக் கால்பைன்கள் மேலும், காஸ்பேஸ்-3 என்ற இன்னொரு புரோட்டியேஸ் மேலும் ஆய்வாளர்கள் கைகாட்டுகிறார்கள்.

இப்படிப் பார்த்தால் புரோட்டியேஸ்தான் வில்லன், அதை அடக்கிவிட்டால் தசை தேயாது என்று தோன்றும். பலருக்கும் அப்படித்தான் தோன்றியது. கால்பைன்-3 வந்து அந்த எண்ணத்தைக் குலைத்துப்போட்டது.

தன்னையே வெட்டிக்கொள்ளும் கத்தரிக்கோல்

உடம்பு முழுக்க எல்லாச் செல்லிலும் இருக்கும் கால்பைன்கள் இரண்டு. கால்பைன்-3 அப்படியில்லை, எலும்புத்தசையில்தான் மிகுதி. 1989-இல் ஜப்பானில் ஹிரோயுகி சோரிமாச்சியும் அவருடைய சகாக்களும் இதன் மரபணுவைக் கண்டார்கள். தசையில் இதற்கான செய்தி ஆர்என்ஏ (புரதத்தைச் செய்யச் சொல்லும் மரபணுவின் நகல்), மற்றக் கால்பைன்களுடையதைவிட ஏறக்குறைய 10 மடங்கு இருந்தது. ஆனால் புரதத்தைத் தேடினால் கண்ணில் படவில்லை. ஆர்டர் குவிகிறது, சரக்கைக் காணோம்!

காரணம் வேடிக்கையானது. கால்பைன்-3 தன்னையே வெட்டிக்கொள்கிறது. சோதனைக் குழாயில் 10 நிமிடத்துக்குள் பாதி காலி. மற்றக் கால்பைன்கள் விழிக்க ஏகப்பட்ட கால்சியம் வேண்டும். இதற்குச் செல்லில் சாதாரணமாக இருக்கும் அளவே போதும் போலிருந்தது. போதாக்குறைக்கு, மற்றக் கால்பைன்களை அடக்கிவைக்கும் கால்பஸ்டாடின் என்ற காவல்காரனுக்கு இது கட்டுப்படுவதில்லை. அதையும் சேர்த்து வெட்டுகிறது. இப்படிப்பட்டதை எப்படி ஆராய்வது? 129-ஆவது இடத்தில் உள்ள சிஸ்டைன் என்ற அமினோ அமிலம்தான் கத்தரிக்கோலின் கூர்முனை. அதைச் செரினாக மாற்றி மழுக்கிவிட்டார்கள். வெட்டத் தெரியாத கால்பைன்-3 தன்னை அழித்துக்கொள்ளாமல் நின்றது. அதை வைத்துக்கொண்டு, அது தசையில் யாரோடு ஒட்டுகிறது என்று பார்த்தார்கள். 1995-இல் விடை கிடைத்தது: டைட்டின்.

டைட்டின் மனித உடம்பிலேயே மிகப் பெரிய புரதம். 34,000-க்கு மேல் அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு நீள ஸ்பிரிங். தசையின் ஒவ்வொரு சின்னச் சுருங்கும் அலகிலும் ஓரத்திலிருந்து நடுவரை நீண்டு கிடக்கும். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் வரை கால்பைன்-3 அடக்கமாக இருக்கிறது. கத்தரிக்கோலுக்கு உறை மாதிரி. டைட்டினின் நடுமுனையில் கைனேஸ் வடிவத்தில் ஒரு பகுதியும் இருக்கிறது. பெயர் கைனேஸ், ஆனால் உண்மையில் பாஸ்பேட் ஒட்டுகிறதா, வெறும் மேடையாக நின்று மர்ஃப்-1 போன்றவற்றைக் கூட்டிவைக்கிறதா என்பதில் இன்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை.

அதே 1995-இல் பிரான்ஸில் இசபெல் ரிச்சர்டும் சக ஆய்வாளர்களும் ஒரு பரம்பரைத் தசைச்சிதைவு நோயின் காரணத்தைப் பிடித்தார்கள். ‘லிம்ப்-கர்டில் மஸ்குலர் டிஸ்ட்ரோஃபி’, சுருக்கமாக எல்ஜிஎம்டி, என்ற வகையைச் சேர்ந்த நோய் அது. இடுப்பையும் தோளையும் சுற்றியுள்ள தசைகள் தேய்ந்துகொண்டே போகும். இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் குடும்பங்கள் இந்த ஆராய்ச்சிக்கு முக்கியமாக இருந்தன. பொதுவாக 8 முதல் 15 வயதுக்குள் தொடங்கும்: பிள்ளை ஓடுவதில் பின்தங்கும், மாடிப்படி ஏறத் திணறும், தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழும். முகமும் இதயமும் பெரும்பாலும் தப்பிவிடும். காரணம், கால்பைன்-3 மரபணுவில் பழுது. அதுவரை தெரிந்திருந்த தசைச்சிதைவு நோய்களில் பழுதானவை தசையைத் தாங்கிப் பிடிக்கும் கட்டுமானப் புரதங்கள். இங்கே ஒரு நொதி! அதுவும் வெட்டுகிற நொதி இல்லாமல் போனதால் தசை தேய்கிறது.

பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய் என்பது பொது விதி. அதனால் உறவுக்குள்ளேயே, சமூகத்துக்குள்ளேயே திருமணம் நடக்கும் இடங்களில் தலைகாட்டும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதி, அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்து ஆமிஷ் மக்கள், இந்தியாவில் அகர்வால் சமூகம் என்று ஒவ்வொரு இடத்திலும் குறிப்பிட்ட பழுதுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும் பழக்கம் உள்ள நமக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். ஒரே ஒரு பிரதி பழுதானாலே வரும் அரிய வகையும் 2016-இல் ஐரோப்பியக் குடும்பங்களில் தெரியவந்தது.

சரி, கத்தரிக்கோல் இல்லாவிட்டால் தசை ஏன் தேய வேண்டும்? ஒரு விளக்கம், பராமரிப்பு வேலை நின்றுபோகிறது என்பது. ஓட்டு வீட்டில் உளுத்த சட்டத்தைக் கழற்றாமல் புதுச் சட்டம் போட முடியாது. தசையும் ஒவ்வொரு உழைப்பிலும் நைந்துபோகும். நைந்ததை வெட்டி எடுத்தால்தான் புதியது அமரும். இதற்கு மனிதர்களிடமே ஒரு சான்று இருக்கிறது. தசையை இழுத்து நீட்டியபடி உழைக்கவைக்கும் கடும் பயிற்சியைத் தன்னார்வலர்களுக்குக் கொடுத்துவிட்டு, ராபின் மர்ஃபி என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளரும் அவரது குழுவும் தசைத்துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி முடிந்த கையோடு கால்பைன்-3 விழிக்கவில்லை. 24 மணி நேரம் கழித்து விழித்திருந்தது. ஜிம்முக்குப் போன முதல் நாள் ஒன்றும் தெரியாது, மறுநாள் படியிறங்க முடியாது என்போமே, கிட்டத்தட்ட அந்த நேரம்.

ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. மழுங்கிய கால்பைன்-3 உள்ள எலிகளை வளர்த்துப் பார்த்தால், கால்பைன்-3 அறவே இல்லாத எலிகளைவிட அவற்றின் நிலைமை தேவலையாக இருந்தது. வெட்டாவிட்டாலும் சும்மா இருப்பதிலேயே அதற்கு ஏதோ வேலை உண்டு என்று ஆகிறது. அந்த வேலை கால்சியப் பைகளின் வாசலில் இருப்பதாகத் தெரிகிறது. கால்பைன்-3 இல்லாவிட்டால் அந்த வாசலில் இருக்க வேண்டிய புரதங்கள் குறைந்து, கால்சியம் சரியாகக் கொட்டுவதில்லை. கால்சியம் குறைந்தால் ‘கேம்கே-2’ என்ற கைனேஸ் சரியாக விழிப்பதில்லை. நிதானமாக, நீண்ட நேரம் உழைக்கும் தசைக்கு வேண்டிய மரபணுக்களை எழுப்புவது இந்தக் கேம்கே-2தான். சுற்றிச் சுற்றிக் கடைசியில் வெட்டும் நொதியின் நோய், சுவிட்ச் போடும் நொதியின் வாசலில் வந்து நிற்கிறது. லாஸ் ஏஞ்சலீஸில் மெலிசா ஸ்பென்சரின் குழு, கேம்கே-2 வழியை எழுப்பும் ஒரு சிறு மூலக்கூறைக் கால்பைன்-3 இல்லாத எலிகளுக்குக் கொடுத்து, தசை தேறுவதை 2020-இல் காட்டியது. எலிக்குத்தான்; மனிதருக்கு இன்னும் தூரம் இருக்கிறது.

இன்னொரு வழி, நல்ல மரபணுவை ஒரு பாதிப்பில்லாத வைரஸில் ஏற்றித் தசைக்கு அனுப்புவது. ரிச்சர்டின் குழு எலிகளில் இதைச் செய்தபோது எலும்புத்தசை தேறியது. ஆனால் வைரஸ் இதயத்துக்கும் போய், அங்கே உருவான கால்பைன்-3 இதயத்தசையைக் கெடுத்தது. எலும்புத்தசையில் உறைக்குள் இருக்கும் கத்தரிக்கோல், இதயத்தில் உறை இல்லாமல் திரிந்தது போலும். 2013-இல் அதற்கும் ஒரு தந்திரம் வெளியிட்டார்கள். இதயத்தில் மட்டும் இருக்கும் ஒரு குட்டி ஆர்என்ஏ உண்டு. அது பிடித்து அழிக்கும்படியான ஓர் அடையாளத்தை மரபணுவின் வாலில் தைத்து அனுப்பினார்கள். தசையில் செய்தி வாசிக்கப்பட்டது. இதயத்தில் வாசிக்கும் முன்பே கிழிக்கப்பட்டது.